கோழிக் கொண்டை சொன்ன கணக்கு



கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரே மாதிரி இருந்த செடியில் இருந்துதான் விதை எடுத்தேன். விதைத்துப் பார்த்தால் நாலு விதமாக வருகிறதே, ஏன்?" என்பார்கள். கோழி வளர்க்கும் தாய்மார்கள் இதையே வேறு மாதிரி கேட்பார்கள். "சேவலுக்கும் சப்பைக் கொண்டை, பெட்டைக்கும் சப்பைக் கொண்டை. குஞ்சுக்கு மட்டும் ரம்பம் மாதிரி கொண்டை எங்கிருந்துங்க வந்தது?" அடுத்த வீட்டுச் சேவல் மேல் பழியைப் போட்டுவிட்டு நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம். பல சமயம் அந்தப் பழி உண்மையாகவே இருக்கும். ஆனால் எப்போதும் உண்மையில்லை.

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. அது கிடைத்த இடம் ஒரு கோழிக்கூடு. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் கணக்கும் வரும். சந்தைக் கணக்கை விரலில் போட்டுவிடும் உங்களுக்கு இது ஒரு பெரிய கணக்கே இல்லை.

கதை பட்டாணித் தோட்டத்தில் ஆரம்பிக்கிறது. கிரெகோர் மெண்டல் என்பவர் 1822இல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில், ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். படிப்புக்கு வசதி போதாமல் மடத்தில் சேர்ந்து பாதிரியார் ஆனார். இன்று செக் நாட்டில் இருக்கும் புருனோ நகரத்து மடம் அது. அங்கே தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணி போட்டார். உருண்டை மணிப் பட்டாணியையும் சுருங்கிய மணிப் பட்டாணியையும் மகரந்தம் தொட்டு வைத்துக் கலந்தார். முதல் தலைமுறையில் அத்தனையும் உருண்டை. சுருங்கல் காணாமலே போய்விட்டது. அந்த உருண்டை மணிகளை விதைத்து, வேறு மகரந்தம் சேராமல் விளையவிட்டார். கிடைத்ததை ஒவ்வொரு மணியாக எண்ணினார். உருண்டை 5,474. சுருங்கல் 1,850. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு.

விதையைப் பார்த்தவர்கள் அதற்கு முன்னும் லட்சம் பேர் உண்டு. எண்ணிப் பார்த்தவர் இவர். எண்ணியதால்தான் ஒரு விஷயம் புரிந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் செடிக்குள் இரண்டு கூறுகள் இருக்கின்றன. தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று. இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஒன்று ஓங்கி நிற்கும், மற்றது ஒடுங்கி உள்ளே கிடக்கும். ஒடுங்கியது செத்துப்போவதில்லை. அடுத்த தலைமுறையில் தன் ஜோடியைச் சந்தித்தால் வெளியே வந்து நிற்கும். இந்தக் கூறைத்தான் இன்று ஜீன் என்றும் மரபணு என்றும் சொல்கிறோம். ஜீன் என்ற பெயர் 1909இல் டென்மார்க் தேசத்து யொஹான்சன் வைத்தது.

இரண்டு குணங்களையும் ஒரே சமயத்தில் எடுத்து எண்ணினார் மெண்டல். மணி உருண்டையா சுருங்கலா, மஞ்சளா பச்சையா என்று. 556 மணிகளில் உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கல் மஞ்சள் 101, சுருங்கல் பச்சை 32. பதினாறு பங்காகப் போட்டால் ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று. இந்த நாலு எண்களையும் ஒரு ஓரமாக முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஆனால் அதே மெண்டல் அவரை வகைச் செடியில் வெள்ளைப் பூவையும் கருஞ்சிவப்புப் பூவையும் கலந்தபோது கணக்கு உதைத்தது. பூத்த 31 செடிகளில் ஒன்றே ஒன்றுதான் வெள்ளை. நாலில் ஒன்று வரவேண்டிய இடம் அது. மீதியெல்லாம் கருஞ்சிவப்பில் இருந்து வெளிர் ஊதா வரை பல தினுசு. நிறத்துக்கு ஒரு கூறு மட்டும் இல்லாமல் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து வேலை செய்யலாம் என்று அப்போதே எழுதி வைத்தார் அந்த மனிதர். தன் கணக்கு தப்பிய இடத்தை மறைக்காமல் எழுதியதே பெரிய காரியம். 1865இல் ஊர் இயற்கை அறிவியல் சங்கத்தில் படித்தார், 1866இல் அச்சாயிற்று. படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லை. 1884இல் அவர் காலமானார்.

1900இல் மூன்று நாடுகளில் மூன்று பேர், டி விரிஸ், கோரன்ஸ், செர்மாக் என்பவர்கள், தனித்தனியே அதே முடிவுக்கு வந்தபோதுதான் மெண்டலின் கட்டுரை தூசு தட்டி எடுக்கப்பட்டது. எடுத்த உடனேயே சண்டையும் வந்துவிட்டது.

சண்டை இங்கிலாந்தில். ஒரு பக்கம் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் பேட்சன். மெண்டல் சொன்னது செடிக்கு மட்டுமல்ல, எல்லா உயிருக்கும் பொருந்தும் என்பது அவர் கட்சி. எதிர்ப்பக்கம் வெல்டன். இருவரும் கல்லூரி நாளில் சிநேகிதர்கள். வெல்டன் 1902இல் கேட்ட கேள்வியை நீங்கள் கேட்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். "விதைக் கடைப் பட்டாணியை அள்ளிப் பாருங்கள். மஞ்சள், பச்சை என்று இரண்டு குவியலாகப் பிரிகிறதா? இடையில் எத்தனை சாயல்! உலகத்தில் எதுதான் இரண்டே வகையாக இருக்கிறது?" என்பது அவர் வாதத்தின் சாரம். நியாயமான கேள்விதான், தள்ளிவிட முடியாது. 1904இல் கேம்பிரிட்ஜில் நடந்த பெரிய கூட்டத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். 1906இல் வெல்டன் நாற்பத்தாறு வயதில் நிமோனியா கண்டு இறந்துபோனார். பழைய சிநேகம் திரும்பவேயில்லை.

கேள்வி கேட்டவர் போனாலும் கேள்வி போகுமா? மெண்டல் கணக்குக்கு ஒத்துவராத குணங்களுக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்தக் கணக்கு பட்டாணியோடு நின்றிருக்கும்.

முதல் பதில் நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் செடியிலிருந்து வந்தது. அந்திமந்தாரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனியில் கோரன்ஸ் அதில் சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தார். பிறந்தது சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, ரோஸ் நிறம். பாலில் தண்ணீர் கலந்த மாதிரி இரண்டும் கலந்து கரைந்துவிட்டது என்று தோன்றும். அந்த ரோஸ் பூச்செடியின் விதையைப் போட்டால் நாலில் ஒன்று சுத்தச் சிவப்பு, இரண்டு ரோஸ், ஒன்று சுத்த வெள்ளை. பாலும் தண்ணீருமாகக் கலந்திருந்தால் இப்படிப் பிரிந்து வருமா? வராது. கூறுகள் உள்ளே கலக்காமல் அப்படியேதான் இருக்கின்றன. இங்கே எதுவும் முழுசாக ஓங்கவில்லை, அவ்வளவுதான்.

இதே விஷயம் கோழியில் ஒரு வேடிக்கையைச் செய்தது. ஸ்பெயின் நாட்டுப் பெயர் கொண்ட அண்டலூசியன் என்ற கோழி இனம் உண்டு. இங்கிலாந்தில் அதை நீல நிறத்துக்காக வளர்த்தார்கள். நீலம் என்றால் வானத்து நீலம் இல்லை. நம்ம ஊர்ப் புறாவின் சாம்பல் நீலம். நல்ல நீலச் சேவலையும் நல்ல நீலப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகளில் பாதிதான் நீலம். கால்வாசி கறுப்பு, கால்வாசி வெள்ளையில் புள்ளி தெளித்தது. வளர்த்தவர்கள் கறுப்பையும் வெள்ளையையும் கழிசல் என்று ஒதுக்கிவிட்டு, மேலும் நல்ல நீலமாகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். மறுபடியும் பாதி கழிசல். பரம்பரை பரம்பரையாகப் பொறுக்கியும் இந்தப் பாதி குறையவேயில்லை.

பேட்சனும் அவரோடு சேர்ந்த பன்னட் என்ற இளைஞரும் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு யோசனை சொன்னார்கள். ஒதுக்கிய கறுப்பையும் ஒதுக்கிய புள்ளி வெள்ளையையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். பிறந்த குஞ்சு அத்தனையும் நீலம்! ஒரு கறுப்புக் கூறும் ஒரு வெள்ளைக் கூறும் சந்தித்தால்தான் நீலம். அப்படியிருக்க, நீலத்தை நீலத்தோடு சேர்த்து முழு நீல இனம் உண்டாக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. அத்தனை வருஷமும் கசாப்புக்கு அனுப்பியது தங்களுக்கு வேண்டிய தாய் தகப்பனைத்தான் என்று தெரிந்தபோது அந்த வளர்ப்பாளர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

இனி கொண்டைக்கு வருவோம்.

பேட்சன் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிரான்செஸ்டர் என்ற கிராமத்தில் குடியிருந்தார். வீட்டுத் தோட்டமே அவருக்கு ஆராய்ச்சி நிலையம். ஒரு பக்கம் செடி, ஒரு பக்கம் கோழிக்கூடு. மனைவி பியாட்ரிஸ் கூடவே நின்று வேலை பார்த்தார். எந்தப் பெட்டை எந்த முட்டை இட்டது, எந்த முட்டையில் எந்தக் குஞ்சு வந்தது என்று கணக்கு வைக்காமல் இந்த ஆராய்ச்சி நடக்காது. கோழி வளர்க்கிறவர்களுக்கு அது எத்தனை பெரிய தொல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொண்டையில் ஒரு சௌகரியம் உண்டு. முட்டை எத்தனை இடும், எடை எவ்வளவு வரும் என்பதற்கெல்லாம் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கொண்டையின் வடிவம் குஞ்சிலேயே தெரிந்துவிடும். தீனிச் செலவு மிச்சம்.

கொண்டையைச் சில ஊரில் பூ என்பீர்கள். அதில் முக்கியமாக நாலு தினுசு. நெட்டுக்குத்தலாக ரம்பப் பல்லோடு நிற்பது ஒற்றைக் கொண்டை. வெள்ளை லெகார்ன் கோழியில் பார்த்திருப்பீர்கள். தட்டையாக, மேலெல்லாம் சிறு முள்ளாக, பின்னால் ஒரு வாலோடு படுத்திருப்பது ரோஜாக் கொண்டை. வயாண்டாட் என்ற இனத்துக்கு உரியது. குட்டையாக மூன்று வரி ஓடி, மணி மணியாக இருப்பது பட்டாணிக் கொண்டை. நம்ம அசில் சண்டைக் கோழிக்கு இருப்பது இதுதான். நாலாவது, நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அக்ரூட் கொட்டையை உடைத்து வைத்த மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் அக்ரூட் கொண்டை. மலேயாக் கோழிக்கு இருக்கும்.

பேட்சன் வைத்திருந்த கோழிகளில் ஒன்றுக்கு இந்தியன் கேம் என்று பெயர். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்தில், நம் நாட்டு அசில் ரத்தத்தைக் கலந்து உண்டாக்கிய இனம். அதன் பட்டாணிக் கொண்டை நம்ம கோழி கொடுத்த சீதனம் என்று சொன்னால் தப்பில்லை.

ரோஜாவையும் ஒற்றையையும் சேர்த்தால் குஞ்சு எல்லாம் ரோஜா; அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று. பட்டாணியையும் ஒற்றையையும் சேர்த்தால் குஞ்சு எல்லாம் பட்டாணி. அடுத்ததில் மூன்றுக்கு ஒன்று. மெண்டல் சொன்னபடியே. 1902இல் இதைப் பேட்சன் வெளியிட்டார். விலங்கினத்திலும் மெண்டல் கணக்கு செல்லும் என்று காட்டிய ஆரம்பகாலச் சான்றுகளில் இது ஒன்று.

ரோஜாவும் பட்டாணியும் இரண்டுமே ஓங்குகிறவை. இரண்டையும் மோதவிட்டால் எது ஜெயிக்கும்? சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் ஜெயிக்கவில்லை. பிறந்த குஞ்சு அத்தனையும் அக்ரூட் கொண்டை. தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை, புதிதாக ஒன்று! சரி, இது அந்திமந்தாரை ரோஸ் மாதிரி ஒரு நடுவாந்திரம் என்று விட்டுவிடலாம் என்றால், அந்த அக்ரூட் கொண்டைகளை ஒன்றோடொன்று சேர்த்தபோது அடுத்த அதிசயம். அக்ரூட் வந்தது, ரோஜா வந்தது, பட்டாணி வந்தது. கூடவே யாரும் கூப்பிடாத ஒற்றைக் கொண்டையும் வந்து நின்றது. பாட்டன் பாட்டி யாருக்குமே ஒற்றைக் கொண்டை கிடையாது. இது எங்கிருந்து வந்தது?

இங்கேதான் எண்ணிக்கை கைகொடுத்தது. பதினாறு பங்கு போட்டால் அக்ரூட் ஒன்பது, ரோஜா மூன்று, பட்டாணி மூன்று, ஒற்றை ஒன்று. முடிச்சுப் போட்டு வைத்திருந்த எண்களை இப்போது அவிழ்த்துப் பாருங்கள். மெண்டல் இரண்டு குணங்களைச் சேர்த்து எண்ணியபோது வந்த அதே எண்கள்! அப்படியானால் கொண்டை என்ற ஒரே குணத்துக்குப் பின்னால் இரண்டு தனித்தனிக் கூறுகள் நிற்கின்றன என்றுதானே அர்த்தம்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு படம் போடுவோம். ஜாதகக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பன்னிரண்டு வீடு, நடுவில் பெரிய வெற்றிடம். அந்த வெற்றிடத்தையும் கோடு போட்டு நாலாகப் பிரித்தால் மொத்தம் பதினாறு கட்டம். பன்னட் வரைந்த கட்டமும் இதுதான். இன்றும் கல்லூரியில் அவர் பெயரால்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கலப்புச் சேவலின் விந்தில் நாலு வகை: ரோஜாக் கூறும் பட்டாணிக் கூறும் உள்ளது, ரோஜா மட்டும் உள்ளது, பட்டாணி மட்டும் உள்ளது, இரண்டும் இல்லாதது. பெட்டையின் கருவிலும் அதே நாலு வகை. நாலை மேலே எழுதி, நாலைப் பக்கவாட்டில் எழுதி, பதினாறு கட்டத்தையும் நிரப்புங்கள். ரோஜாவும் பட்டாணியும் எப்படியாவது சந்திக்கும் கட்டம் ஒன்பது. அங்கே அக்ரூட். ரோஜா மட்டும் வந்து சேரும் கட்டம் மூன்று. பட்டாணி மட்டும் மூன்று. கடைசி மூலையில் இரண்டும் இல்லாத ஒரே கட்டம். அதுதான் ஒற்றைக் கொண்டை. ரோஜாக் கோழியிடம் பட்டாணி இல்லை, பட்டாணிக் கோழியிடம் ரோஜா இல்லை. இரண்டு இல்லாமையும் ஒரே குஞ்சில் வந்து கூடியபோது, மறைந்திருந்த ஒற்றைக் கொண்டை தலையை நீட்டியது.

சாயந்தரம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் இந்தக் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை சொந்தக் கையால் நிரப்பினால் மறக்காது.

அந்தக் கோழித் தோட்டத்துக்கு அடுத்த பாத்தியில் இன்னொரு புதிர். வாசனைப் பட்டாணி என்று அழகுக்கு வளர்க்கும் ஒரு பூச்செடி. அதில் இரண்டு வெள்ளைப் பூச்செடிகளைக் கலந்தார்கள். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் வெள்ளைதானே? வந்தது ஊதா! அடுத்த தலைமுறையில் பதினாறில் ஒன்பது நிறப் பூ, ஏழு வெள்ளை. ஒருவரிடம் வண்டி இருக்கிறது, மாடு இல்லை. இன்னொருவரிடம் மாடு இருக்கிறது, வண்டி இல்லை. இரண்டு வீட்டிலும் வண்டி ஓடாது. சம்பந்தம் செய்துகொண்டால் பிள்ளை வீட்டில் ஓடும். செடி நிறம் தயாரிக்க இரண்டு கூறுகளும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெள்ளைதான். வெளியே பார்க்க வெள்ளை ஒன்றாக இருந்தாலும், உள்ளே குறை வேறு வேறு.

கோழியிலும் இப்படித்தான். வெள்ளை லெகார்ன் கோழியின் வெள்ளை ஒரு ரகம். அது ஓங்குகிற வெள்ளை, உள்ளே வேறு நிறக் கூறுகள் இருந்தாலும் மேலே சுண்ணாம்பு அடித்த மாதிரி மூடிவிடும். வெள்ளை வயாண்டாட்டின் வெள்ளை ஒடுங்குகிற வெள்ளை, நிறம் தயாராகாததால் வருவது. ஒரு கூறு வேறொரு கூறின் வேலையை இப்படி மூடி மறைப்பதற்கு 'எபிஸ்டாசிஸ்' என்று பெயர் வைத்தவரும் பேட்சன்தான்.

மூடி மறைப்பது கோழியோடு நிற்கவில்லை. மனிதர் ரத்தத்திலும் உண்டு. ஏ, பி, ஏபி, ஓ என்ற ரத்த வகைகளுக்குக் காரணம் ஒரே கூறின் மூன்று வடிவங்கள் என்று 1924இல் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மன் கணித அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கூறுக்கு இரண்டு வடிவம்தான் என்று கட்டாயமில்லை. மூன்றும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு இரண்டுதான் கிடைக்கும். ஏ, பி இரண்டும் கிடைத்தால் இரண்டும் சமமாகத் தெரியும், அதுவே ஏபி. தாயும் தகப்பனும் ஓ என்றால் பிள்ளை ஓ. இது விதி.

1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவர் கூட்டாளிகளும் ஒரு புது விஷயத்தைக் கண்டார்கள். சிலருடைய ரத்தம் சாதாரணச் சோதனையில் ஓ மாதிரித் தெரிகிறது. ஆனால் ஓ ரத்தத்தையே அது ஏற்க மறுக்கிறது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்? ஏ, பி என்ற சித்திரத்துக்குச் சுவராக ஹெச் என்ற அடிப்படைப் பொருள் ஒன்று வேண்டும். அதை உண்டாக்கும் கூறு வேறு இடத்தில் இருக்கிறது. தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலும் அது பழுதாக வந்தவருக்குச் சுவரே இல்லை. உள்ளே ஏ கூறு இருந்தாலும் வெளியே தெரியாது. அவருக்கு வேறொரு பம்பாய் வகை ரத்தம்தான் ஏற்ற வேண்டும். இப்படிப்பட்டவர் நம் நாட்டில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவர் என்பார்கள். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இவருக்கும் ஓ வகைத் துணைவருக்கும் பிறக்கும் பிள்ளை ஏ வகையாக இருக்கலாம். துணைவரிடமிருந்து சுவர் கிடைத்துவிடுகிறது, மறைந்திருந்த சித்திரம் தெரிந்துவிடுகிறது. ரத்தச் சோதனைத் தாளில் பார்த்த இரண்டு எழுத்தை வைத்து ஒரு தாயைச் சந்தேகப்பட நினைப்பவர்கள், அதற்கு முன் இந்தச் சோதனையையும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும்.

மறுபடி கோழிக்கே வருகிறேன். கால் மிகவும் குட்டையாக, தரையோடு தவழுகிற மாதிரி நடக்கும் கோழி சில நாடுகளில் உண்டு. இரண்டு குட்டைக்கால் கோழிகளைச் சேர்த்தால் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு குட்டைக்கால், ஒன்று சாதாரணம். எத்தனை தலைமுறை போனாலும் முழுக்கக் குட்டைக்கால் என்ற இனம் அமையாது. மூன்றுக்கு ஒன்று எங்கே போயிற்று? இதே இரண்டுக்கு ஒன்று கணக்கை 1905இல் பிரான்ஸில் கியூனோ என்பவர் மஞ்சள் எலிகளில் பார்த்துவிட்டுக் குழம்பினார். 1910இல் அமெரிக்காவில் கேசலும் லிட்டிலும் காரணம் சொன்னார்கள்: காணாமல் போன பங்கு தாய் வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. கோழியில் 1930இல் லாண்டவரும் டன்னும் முட்டையை உடைத்துப் பார்த்தே காட்டினார்கள். குட்டைக்கால் கூறு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த கரு, அடை வைத்த மூன்றாம் நாள் வாக்கில் செத்துப்போகிறது. முட்டைக்காரருக்கு அது ஒரு கூமுட்டை. அடைக்கோழி சரியில்லை, வெயில் அதிகம், இடி இடித்தது என்று ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார்கள். நாலில் ஒரு முட்டை தவறாமல் கெடுகிறது என்று எண்ணியிருந்தால் காரணம் வேறு என்று தெரிந்திருக்கும்.

பயிர் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவீடனில் நில்சன் ஏலே என்பவர் 1909இல் கோதுமை மணியின் சிவப்பு நிறத்தை ஆராய்ந்தார். ஒரு கலப்பில் மூன்றுக்கு ஒன்று வெள்ளை, வேறொரு கலப்பில் பதினைந்துக்கு ஒன்று, இன்னொன்றில் அறுபத்துமூன்றுக்கு ஒன்று. ஒரு கூறு, இரண்டு கூறு, மூன்று கூறு என்று சேர்ந்து வேலை செய்கின்றன. சேரச் சேரச் சிவப்பு ஏறுகிறது. வெல்டன் கேட்டாரே, இடையில் இத்தனை சாயல் எப்படி என்று, அதற்கும் இங்கே பதில் கிடைத்துவிட்டது. மூன்று கூறுக்கே இப்படி என்றால், விளைச்சல், உயரம், பால் என்ற குணங்களுக்குப் பின்னால் எத்தனை நிற்கும் என்று யோசியுங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் விளைந்ததையே விதையாக எடுத்து வைத்தால் அடுத்த போகம் ஏன் கலைந்துபோகிறது என்பதும் இதனால்தான். கூடியிருந்த கூறுகள் பிரிந்து, ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு விதமாகச் சேருகின்றன.

கடைசியாக அந்த வயாண்டாட் கோழி. ரோஜாக் கொண்டை இனம்; நூறு வருஷத்துக்கு மேலாக ஒற்றைக் கொண்டைக் குஞ்சைக் கண்டால் உடனே கழித்துவிடுவார்கள். அப்படியும் அது வந்துகொண்டேயிருக்கிறது. ஒடுங்கிய கூறைக் கண்ணால் பார்த்துக் கழிக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சுவையானது. இரண்டு ரோஜாக் கூறும் உள்ள சுத்தச் சேவலுக்கு விந்தின் ஓட்டம் மந்தம், குஞ்சு குறைவு. ஒரு ரோஜா, ஒரு ஒற்றை உள்ள கலப்புச் சேவல் சுறுசுறுப்பு. நிறையக் குஞ்சு கொடுக்கும் சேவலைத்தானே வளர்ப்பவர் வைத்துக்கொள்வார்? அவர் அறியாமலே கலப்புச் சேவலைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்.

ஏன் இப்படி என்பது 2012இல் தெரிந்தது. மரபணுக்கள் வரிசையாக இருக்கும் நீண்ட இழையில் ஒரு பெரிய துண்டு, எப்போதோ ஒரு காலத்தில் அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முனையில் ஒட்டிய இடத்தில் ஒரு மரபணு வேண்டாத சமயத்தில் வேலை செய்து ரோஜாக் கொண்டையை உண்டாக்குகிறது. அடுத்த முனையில் அறுந்த இடத்தில் வேறொரு மரபணு பாழாகி, விந்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது. பட்டாணிக் கொண்டையின் காரணம் 2009இலேயே தெரிந்திருந்தது. அங்கே இழையின் ஒரு சிறு பகுதி திரும்பத் திரும்பப் பல பிரதியாக இருக்கிறது. இழையைக் கண்ணால் காண வழியில்லாத காலத்தில், கோழிக்கூட்டில் குஞ்சை எண்ணியே இரண்டும் தனித்தனி இடம் என்று பேட்சனும் பன்னட்டும் சொன்னது சரியாகவே இருந்தது.

உங்களிடம் பட்டாணிக் கொண்டைச் சேவல் இருந்து, அது சுத்தமா கலப்பா என்று தெரிய வேண்டுமானால் அதே வழிதான். ஒற்றைக் கொண்டைப் பெட்டைகள் இரண்டு மூன்றைத் தனியாக அடைத்து வையுங்கள். முதல் மூன்று வாரம் எந்தச் சேவலும் சேர வேண்டாம். பழைய சேவலின் விந்து பெட்டை உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும், கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு உங்கள் சேவலை விட்டு, இடும் முட்டைகளை அடை வையுங்கள். குஞ்சில் ஒன்றே ஒன்று ஒற்றைக் கொண்டையாக வந்தாலும் சேவல் கலப்புதான். பத்துக் குஞ்சும் பட்டாணிக் கொண்டையாக இருந்தால் சுத்தம் என்று நம்பலாம். கலப்புச் சேவல் பத்துக்குப் பத்தும் ஏமாற்றுவது ஆயிரத்தில் ஒரு தடவைதான் நடக்கும். குஞ்சு பொரிக்கும் அன்றே கொண்டையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால், அதற்குள் பருந்து இரண்டைக் கொண்டுபோய்விடும்.